பெருமூச்சில் எழுந்த சுவர்

ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் நிற்காத பக்கத்தில், ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. மின்விசிறி கிடையாது. ஏசி உண்டு, ஆனால் வேலை நடக்கும்போது அதை அணைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பவர் பேசக்கூடாது, தும்மக்கூடாது, முக்கியமான நேரத்தில் மூச்சு விடவும் கூடாது. சிறைச்சாலையில்கூட மூச்சு விட அனுமதி உண்டு என்பதால் இதைச் சிறை என்று சொல்வது சிறைக்கு அவமரியாதை. இதன் பெயர் வெட்டறை. அதில் பத்தொன்பது வருடங்களாக உட்கார்ந்திருந்தவரை நிலையத்தில் எல்லோரும் இமைக்காரர் என்று அழைத்தார்கள்.

அவர் வேலை, செல்களை வெட்டுவது. வேலைவெட்டி என்ற சொல் முழுசாகப் பொருந்தும் ஒரே அரசாங்க ஊழியர் அவர்தான். நோரோ வைரஸ் தாக்கிய செல்களைக் கொன்று, பதப்படுத்தி, பிசினுக்குள் இறுக்கிக் கட்டியாக்கிக் கொடுப்பார்கள். அந்தக் கட்டியை அவர் வைரக் கத்தியால் சீவுவார். ஒரு தலைமுடியின் கனத்தை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ, தகடு அவ்வளவு மெல்லிசு. கத்திக்குப் பின்னால் ஒரு சின்னத் தொட்டி, அதில் தண்ணீர். சீவிய தகடுகள் அந்தத் தண்ணீரில் வெள்ளி நிறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மிதக்கும். அவற்றை ஓட்டிக்கொண்டுபோய் மிளகளவு செப்பு வலையின் மேல் ஏற்ற வேண்டும். ஊசி பட்டால் கிழியும், தூரிகை பட்டால் கசங்கும். மனித குலம் இதுவரை செய்த எந்தக் கருவியும் அந்த வேலைக்கு லாயக்கில்லை, கண் இமையின் முடியைத் தவிர. ஒரு குச்சியின் நுனியில் ஓர் இமை முடியை ஒட்டிவைத்து, அதனால் தகடுகளை மேய்ப்பார்கள். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

இவருடைய இமை குட்டை, நேர். தோதுப்படவில்லை. மனைவியின் இமை வளைந்து நீண்டது. அவள் ரயிலில் ஒன்பது மணி நேரத் தூரத்தில், இன்னொரு ஊரில், டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தாள். அங்கிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடித உறையில் நாலு முடி வரும்.

“மத்த வீட்டுல புருஷன் புடவை வேணுமான்னு கேப்பான். எனக்கு வாய்ச்சது இமையைப் புடுங்கி அனுப்புன்னு கேக்குது,” என்று போனில் சொல்வாள். “இப்படியே போனா நான் கண்ண மூடித் தூங்கவும் முடியாது பாத்துக்கங்க.”

கல்யாணமாகி இரண்டரை வருடம் சேர்ந்து இருந்தார்கள். பிறகு அவளுக்கு மாற்றல் வந்தது. வயிற்றில் பிள்ளையோடு போனாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. அப்பா என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியோடு வருபவர் என்று அது புரிந்துவைத்திருந்தது. போன முறை இவர் உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள், “அம்மா, அப்பா எந்த ரயில்ல கிளம்பறாரு?” என்று மரியாதையாகக் கேட்டது. விருந்தாளியை அப்படிக் கேட்கக்கூடாது என்று அம்மா அதட்டினாள். அதட்டிய பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

இமைக்காரர் படித்தது விஞ்ஞானம் அல்ல. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடையில் இருட்டறை வேலை பார்த்தவர். அங்கே அவருக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் ஒரே வரியில் அடங்கும்: முகம் நடுவில், மீதியெல்லாம் குப்பையில். தோளில் தொங்கும் பை, பின்னால் எட்டிப்பார்க்கும் தம்பி, சுவரில் ஆடும் நாள்காட்டி, எதுவாக இருந்தாலும் வெட்டி எறிந்துவிட வேண்டும். நிலையத்தின் பழைய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஃபிலிமில் படம் எடுப்பது. கழுவி அச்சுப்போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடினார்கள். இவர் வந்தார். வெட்டுவதையும் இவரே கற்றுக்கொண்டார். கை அசையாது, அவசரம் கிடையாது, வாயும் அவ்வளவாகத் திறக்காது. நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி கிடைத்திருக்காது.

அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மட்டும் சந்தேகப்பட்டார். வாந்திபேதி ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டதிலிருந்து, இவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழிப்பறைக்குப் போகிறார் என்று மாடிப்படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். “என்கிட்ட வர்றதெல்லாம் செத்த செல்லுங்க” என்று இவர் விளக்கினார். “செத்ததுன்னா இன்னும் மோசமாச்சே” என்று சொந்தக்காரர் இரண்டு படி பின்வாங்கினார்.

இனி நோரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் இடம் எதுவானாலும் அங்கே அழைப்பில்லாமல் வரும், ஆளைக் கவிழ்த்துப் போடும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் எழுப்பியும் விட்டுவிடும். அதனிடம் சொந்தமாக இருப்பது ஓர் ஆர்.என்.ஏ. இழையும் அதைப் பொத்திவைக்க ஒரு புரத ஓடும்தான். வீடு வாசல் கிடையாது, சட்டிபானை கிடையாது. செல்லுக்குள் நுழைந்ததும் தன் இழையைச் செல்லின் இயந்திரங்களிடம் நீட்டி, தனக்கு வேண்டிய சில புரதங்களைச் செய்துகொள்ளும். அந்தப் புரதங்களில் ஒன்றிரண்டு போய்ச் செல்லின் உள்சவ்வுகளில் ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குள் வலைபோல ஓடும் சவ்வு, சரக்குகளைக் கட்டி அனுப்பும் கோல்கி என்ற அடுக்கு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் இழுத்து, வளைத்து, கிள்ளிச் சின்னச் சின்னக் குமிழ்களாக்கும். ஒற்றைச் சுவர்க் குமிழ், இரட்டைச் சுவர்க் குமிழ், குமிழுக்குள் குமிழ். எல்லாம் உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு குவியலாகக் குந்திக்கொள்ளும். அந்தச் சவ்வுகளின் மறைவில்தான் வைரஸ் தன் இழையை நகல் எடுக்கும்.

செல்லுக்கும் காவல் உண்டு. வேற்று இழை நகலாவதைக் கண்டால் கூச்சல் போடுகிற புரதங்கள் இருக்கின்றன. ஆனால் கதவு சாத்தியிருக்கிறது. கதவும் வேறு எங்கிருந்தோ வந்ததல்ல, செல்லின் சொந்தக் கதவு. காவல்காரன் என்ன செய்வான், சொந்த வீட்டுக் கதவைத் தட்டுவானா. கோல்கி அடுக்கு பிய்ந்து சிதறி, கடைசியில் செல்லே செத்து, பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

இந்தக் குமிழ்கள் நிஜம். உலகத்தில் பல ஆய்வகங்களில் படம் எடுத்திருக்கிறார்கள். இமைக்காரரே எடுத்திருக்கிறார். அவரைச் சிக்கவைத்தது குமிழ் அல்ல, சுவர்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மனைவி இருக்கும் ஊருக்கு மாற்றல் கேட்ட அவருடைய முதல் விண்ணப்பம் ‘பரிசீலிக்க இயலாது’ என்ற இரண்டு சொற்களோடு திரும்பி வந்தது. பதினொன்றேகாலுக்கு அவர் வெட்டறையில் உட்கார்ந்தார். கட்டி எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. அருமையான தகடு ஒன்று தண்ணீரில் இறங்கியது. அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே அவர் பெருமூச்சு விட்டார்.

பத்து வருடத்தில் அவர் அந்த அறைக்குள் விட்ட ஒரே பெருமூச்சு அது. தகடு சிலிர்த்தது. ஓர் ஓரம் சுருங்கி, காதுவளையம்போல வளைந்து மடிந்து, அப்படியே படிந்துவிட்டது. மடிந்த தகட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அன்று வெட்டியதிலேயே நல்ல செல் அந்தத் தகட்டில்தான் இருந்தது. சரி, பார்ப்போம் என்று படம் எடுத்தார்.

மடிப்பு, படத்தில் இரட்டைக் கறுப்புக் கோடாக விழுந்திருந்தது. குமிழ்க் குவியலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வால்போல நீண்டு, செல்லையும் தாண்டி வெளியே வெறும் பிசினுக்குள் ஓடியிருந்தது. செல்லுக்கு வெளியே எந்த வைரஸும் எதையும் கட்டாது. அந்த வாலைப் பார்த்தவன் எவனும் இது மடிப்பு என்று சொல்லிவிடுவான். ஆனால் இருட்டறையில் அச்சுப்போடும்போது கடையில் பழகிய கை தன் வேலையைக் காட்டியது. செல்லை நடுவில் வைத்தது, மீதியை வெட்டி எறிந்தது. வால் போயிற்று.

அச்சு ஈரம் காய்வதற்குள் துறைத்தலைவர் வந்தார். எல்லோரும் அவரைத் தலைவர் என்றே சொல்வார்கள், அவரும் வீட்டில் தொலைபேசியை எடுத்தால் அப்படியே சொல்வார் என்று பேச்சு. மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காருவதை அவர் அப்போதே நிறுத்தியிருந்தார். பெரிய விஷயங்களைப் பார்ப்பவருக்குச் சின்ன விஷயங்களைப் பார்க்க நேரம் இருக்காது.

“இது என்னய்யா?” என்றார்.

“சார், அது வந்து…”

“பேசாத. பாத்துக்கிட்டு இருக்கேன்.”

பார்த்தார். நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். பிறகு இமைக்காரரைக் கட்டிப்பிடித்தார். ஒரு துறைத்தலைவர் தன் ஊழியரைக் கட்டிப்பிடித்திருக்கும்போது, ‘அது என் மூச்சு சார்’ என்று சொல்வதற்கான முறை எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

மறு வருடம் அந்தச் சுவர் உலகப் புகழ் பெற்றது. தலைவர் அதற்குப் பெருஞ்சுவர் என்று பெயர் வைத்தார். குமிழ்களை எல்லோரும் பார்த்தார்கள், குமிழ்களையெல்லாம் வளைத்து வைரஸ் கட்டும் கோட்டைச் சுவரை அவர் மட்டுமே கண்டார். நுழைவாசலில் ஆளுயரப் படம் மாட்டினார்கள். காபிக் கோப்பையில் அச்சடித்தார்கள். வேறு ஆய்வகங்கள் தேடிப்பார்த்து, கிடைக்கவில்லை என்று கடிதம் எழுதின. தலைவர் எல்லோருக்கும் ஒரே பதில் எழுதினார்: உங்களிடம் எங்கள் இமைக்காரர் இல்லை.

இப்படியாக, பாராட்டு ஒவ்வொன்றும் ஒரு தாழ்ப்பாளாக வந்து விழுந்தது. இரண்டாவது விண்ணப்பத்துக்கு ‘இவர் இன்றியமையாதவர்’ என்று குறிப்பு. மூன்றாவதுக்குச் சிறந்த ஊழியர் கேடயம். நாலாவதுக்கு, அதிர்வு படாமல் வேலை செய்ய வெட்டறைக்கு இரண்டாவது கதவு. ஐந்தாவதில், அவருடைய பெயர்ப்பலகையைத் திருகாணியால் சுவரோடு முறுக்கினார்கள்.

“என்னங்க, ஒரு நாளைக்கு நானூறு பேரை அவங்கவங்க ஊருக்கு அனுப்பறேன்,” என்றாள் மனைவி. “உங்க ஒருத்தரை இங்க வரவைக்க முடியல.”

“ஆர்டர் போட மாட்டேங்கறாங்க.”

“சரி, கெட்டவனா வேலை பாத்துப் பாருங்களேன். அப்பவாவது தொலைஞ்சு போன்னு விடுவாங்க.”

அவர் முயன்றார். வரவில்லை. கைக்குக் கெட்டவிதமாக வெட்டத் தெரியவில்லை.

சுவர் எழுந்த ஒன்பதாவது வருடம், மனைவி இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பிரிவில், அச்சாக இவர் வேலைக்கே ஓர் இடம் கொடுத்து மேலிடத்திலிருந்து ஆணை வந்துவிட்டது. தலைவர் விடுவித்தால் போதும். இரண்டு முறை கெடு நீட்டித்தார்கள். மூன்றாவது கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அதற்குள் வராவிட்டால் அந்த இடத்தையே ரத்து செய்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். இந்த முறை தலைவர் மறுக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார்.

“போய்யா. குடும்பத்தோட இருக்க வேணாமா? நான் என்ன கல்நெஞ்சுக்காரனா,” என்றார். “ஒரே ஒரு சுவர். இன்னொரு படம் எடுத்துக் குடு. அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்.”

எட்டு மாதம் ஆகியிருந்தது. இல்லாத ஒன்றை இமைக்காரர் எட்டு மாதமாக ஒழுங்காக வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது, செல் வளர்க்கும் அக்கா புதுக் கட்டிகளோடு வெட்டறைக்கு வந்தாள். எலிச் செல்களை இளஞ்சிவப்புத் திரவத்தில் போட்டு, வேளாவேளைக்குத் தீனி மாற்றி, ‘பிள்ளைங்க’ என்று கூப்பிட்டு வளர்ப்பவள் அவள். கொழுகொழுவென்று ஆனதும் அவளே அவற்றின் தலையில் எலி நோரோவை ஊற்றுவாள். அதனால் அவளுக்கு எதுவும் பழகிப்போயிருந்தது.

உள்கதவைத் திறந்தவள் நின்றாள். இமைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் குனிந்து, ஹூம் என்று பெருமூச்சு விட்டார். கண்ணை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி ஹூம்.

“என்ன தம்பி, உடம்புக்கு முடியலையா?”

“இல்லக்கா. முப்பத்தெட்டாவது.”

“எது?”

அவர் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னார். பெருமூச்சு, மடிப்பு, வால், வெட்டு எல்லாவற்றையும். தானாக மடிந்ததை வேண்டுமென்றே மடிக்கப் பார்ப்பதாகவும், விட்ட பெருமூச்செல்லாம் நேர்க்கோடாகவே மடிவதாகவும், வளையம் ஒன்றுகூட விழவில்லை என்றும் சொன்னார்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று முகத்தில் ஒரு பஞ்சாயத்து நடந்தது.

“ஒம்பது வருஷமா இதை வயித்துல வெச்சிருந்தியா? வாந்திக் கிருமி ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஒரு வாந்தி எடுக்கத் தெரியல உனக்கு.”

“அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“அன்னிக்குச் சொல்லல. இப்ப ரெண்டாவது பொய்யை ஊதி ஊதி செஞ்சுக்கிட்டு இருக்க. அதுவும் வரல.” அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். “வராது தம்பி. அன்னிக்கு விட்டது நிஜப் பெருமூச்சு. இது நடிப்பு.”

“இப்பவும் நிஜமாத்தான் இருக்குக்கா.”

“அப்படின்னா ஊதறதை நிறுத்திட்டுப் போய்ச் சொல்லு. உன்னை விடாம வெச்சிருக்கறது அவர் இல்ல, அந்தப் படம். அதை உடை.”

அன்றும் மறுநாளும் அவர் போகவில்லை. புதன்கிழமை தலைவரின் அறை வாசல்வரை போய், கதவின் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். வியாழக்கிழமை மனைவி போன் செய்து, பிள்ளையின் பள்ளிக்கூட அட்டையில் அப்பா கையெழுத்து இடத்தில் இந்த முறையாவது அப்பா போடுவாரா, இல்லை வழக்கம்போலத் தானே போட்டுவிடவா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அது ஒரு தகவலாகத்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

“இரு, சொல்றேன்,” என்றார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, கட்டி ஆயிரத்து நூற்று நாற்பத்தேழின் அசல் ஃபிலிமை எடுத்துக்கொண்டு அவர் தலைவரின் அறைக்குள் போனார். மேசைமேல் இருந்த விளக்குப் பலகையில் ஃபிலிமை வைத்தார்.

“கிடைச்சிடுச்சா?” என்று தலைவர் எழுந்தார்.

“இது பழசு சார். முழுப் படம். வெளியில ஓடற கோட்டைப் பாருங்க.”

தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு படத்தை அவர் மெய்யாகவே பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். வால் தொடங்கும் இடத்தைப் பார்த்தார். வால் செல்லின் எல்லையைத் தாண்டி வெறும் பிசினுக்குள் ஓடி, காகித மடிப்புப்போல முடியும் இடத்துக்குக் கண்ணாடி வந்து நின்றது.

“மடிப்பு,” என்றார்.

“ஆமா சார்.”

“எப்படி?”

“மூச்சு விட்டுட்டேன் சார்.”

தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வயதுதான் தெரிந்தது.

“பாடப் புத்தகத்துல போட்டுட்டாங்கய்யா,” என்றார். “பசங்க பரீட்சையில வரைஞ்சு மார்க்கு வாங்கறாங்க.”

“தெரியும் சார்.”

“எனக்கு ரிட்டையராக இன்னும் ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் தாங்காதா அந்தச் சுவர்?”

எதிரே உட்கார்ந்திருப்பவரும் அதே சுவருக்குள்தான் இருக்கிறார் என்பது அப்போதுதான் இமைக்காரருக்குப் புலப்பட்டது. அதற்காக இரக்கப்படலாமா என்று யோசிப்பதற்குள் தலைவர் எழுதத் தொடங்கிவிட்டார்.

இரண்டு தாள். ஒன்று, இமைக்காரரை இன்று மாலை முதல் விடுவிக்கும் ஆணை. மற்றது, கட்டி ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு தொடர்பான அசல் ஃபிலிம், தகடு, கட்டியின் மிச்சம் அனைத்தையும் ஒப்படைத்துவிட்டேன், என்னிடம் வேறு பிரதி இல்லை, வெளியான படத்தைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று இமைக்காரர் எழுதிக்கொடுப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் மேல் தன் பேனாவை வைத்தார், மற்றதின் மேல் இமைக்காரருக்கு ஒரு பேனாவை வைத்தார்.

“நீ போட்டா நான் போடறேன்.”

“ஆட்சேபம் இல்லன்னு எப்படி சார் எழுதறது?”

“ஒம்பது வருஷமா எழுதாமலேயே அப்படித்தானே இருந்த.”

அது உண்மை. கெட்ட மனிதர்கள் உண்மை பேசும்போது பதில் சொல்வது கடினம்.

மணி மூன்றரை. ஆஸ்பத்திரிக்குத் தந்தி மாதிரி ஒரு மின்னஞ்சல் போனால் போதும், ஐந்து மணிக்குள் சேர்ந்துவிடும். அவர் தாளைப் பார்த்தார். ‘ஆட்சேபம்’ என்ற சொல் மிகவும் சிறியதாகத் தெரிந்தது. பள்ளிக்கூட அட்டை நினைவுக்கு வந்தது. எங்கெங்கோ மூலை முடுக்கில் அறிமுகமில்லாத ஆட்கள் நல்ல தகடுகளை வீணாக்கிக்கொண்டு இல்லாத சுவரைத் தேடுவதும் நினைவுக்கு வந்தது. அறிமுகமில்லாத ஆட்கள் ஒரு பக்கம், அறிமுகமில்லாத மகள் மறுபக்கம். அவர் கையெழுத்துப் போட்டார். கை அசையவே இல்லை.

தலைவரும் போட்டார். பிறகு ஃபிலிமை ஒரு காகித உறையில் இட்டார். அந்த உறையை இன்னொரு பெரிய உறையில் இட்டு ஒட்டினார். நிலையத்துக்குச் சொந்தமான ஒரு பெட்டியில் அதை வைத்து, நிலையத்துக்குச் சொந்தமான அலமாரியில் பெட்டியை வைத்து, நிலையத்தின் பூட்டையே போட்டுப் பூட்டினார். காவல்காரர்கள் நாள்முழுக்க அந்த அலமாரிக்கு முன்னால் நடந்து போவார்கள், சந்தேகப்பட எதுவும் இருக்காது. நோரோவிடமிருந்து அவர் பாடம் கற்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை ரயில் ஏறினார். அக்கா ரயிலடி வரை வந்தாள். “சொல்லிட்டியா?” என்று கேட்டாள். “சொன்னேன்,” என்றார். “உடைஞ்சுதா?” என்று கேட்டாள். ரயில் நகர்ந்துவிட்டதால் அவர் கையை ஆட்டினார். அது என்ன பதில் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில், பிரிவின் பொறுப்பில் இருந்த டாக்டரம்மா எழுந்து நின்று அவரை வரவேற்றார். சுறுசுறுப்பான, நேர்மையான பெண்மணி. அவருடைய நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டம் போட்டு, பெருஞ்சுவர் தொங்கிக்கொண்டிருந்தது.

“இந்த போஸ்ட்டை ரெண்டு வருஷம் காலியா வெச்சிருந்தோம்,” என்றார். “மேல இருக்கவங்க எத்தனை பேரை அனுப்பப் பாத்தாங்க தெரியுமா? நான் ஒத்துக்கல. சுவரைக் கண்ணால பாத்தவர் உலகத்துல ஒருத்தர்தான் இருக்காரு, அவர்தான் வேணும்னு பிடிவாதமா நின்னேன். கெடுவை ரெண்டு தடவை நீட்டினதும் நான்தான்.”

இமைக்காரர் இந்த முறை ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொன்னார்.

“டாக்டர், அது சுவர் இல்ல. மடிப்பு. நான் மூச்சு விட்டதுல மடிஞ்சது.”

டாக்டரம்மா சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

“நிஜமாவா?”

“நிஜமா.”

“சரி. அசல் ஃபிலிமைக் காட்டுங்க. உடனே எழுதி அனுப்பலாம். நானே கூட நிக்கறேன்.”

“அங்க ஒப்படைச்சுட்டேன்.”

“பிரதி?”

“இல்ல.”

“தகடு?”

“அதுவும்.”

டாக்டரம்மா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். பழைய நிலையத்திலிருந்து இமைக்காரருடைய பணிக்கோப்போடு வந்திருந்தது. வெளியான படத்தைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்து, தெளிவாக, தேதியோடு.

“இது வெள்ளிக்கிழமை நீங்க எழுதினது. இன்னிக்குத் திங்கக்கிழமை,” என்றார் டாக்டரம்மா. குரலில் குற்றச்சாட்டு இல்லை, சங்கடம்தான் இருந்தது. “நான் எதைங்க நம்பறது?”

இமைக்காரர் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்து எடுத்தார்.

“நீங்க சொல்றதை ஒரேயடியா தள்ளிட மாட்டேன். ஆனா வாய்ப்பேச்சை வெச்சு ஒரு அச்சான படத்தை எதுத்து எழுத முடியாது. ஒரே வழிதான் இருக்கு. நம்ம நோயாளிங்க குடல் செல்லு நிறைய இருக்கு. வெட்டுங்க. தேடுங்க. எத்தனை வெட்டியும் சுவர் இல்லன்னா, இல்லன்னு எழுதலாம்.”

“எத்தனை வெட்டினா இல்லன்னு சொல்ல முடியும் டாக்டர்?”

டாக்டரம்மா நேர்மையானவர் என்று முன்பே சொல்லியாகிவிட்டது. வெகுநேரம் யோசித்தார்.

“அது ஒரு நல்ல கேள்வி,” என்றார். பிறகு வெட்டறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இந்த அறை ஏழடிக்கு ஒன்பதடி. இதற்கும் ஜன்னல் இல்லை. மாலை ஆறரைக்கு அவர் வீட்டுக்கு நடந்தே போனார். ஒன்பது மணி நேரம் ஆகவில்லை, பதினொரு நிமிடம் ஆயிற்று. மகள் கெடு தாண்டிப்போன பள்ளிக்கூட அட்டையை நீட்டினாள், கையெழுத்துப் போட்டார். அது முந்தைய கையெழுத்துகளோடு ஒத்துவரவில்லை என்று மகள் ஆட்சேபம் எழுப்பினாள். அம்மா வந்து சமாதானம் செய்தாள்.

மகள் உள்ளே போன பிறகு, “முதல் நாள் எப்படிப் போச்சு?” என்று மனைவி கேட்டாள்.

“இங்கயும் அந்தச் சுவரைத் தேடச் சொல்றாங்க.”

அவளுக்குக் கதை முழுக்கத் தெரியும். வந்த சனிக்கிழமை இரவே சொல்லிவிட்டிருந்தார். தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

“கிடைக்குமா?”

“இல்லாதது எப்படிக் கிடைக்கும்?”

“கிடைக்கலன்னா அனுப்பிடுவாங்களா?”

“இல்ல. கிடைக்கற வரைக்கும் தேடணும்.”

மனைவி, கவுண்டரில் திரும்பி வராத பயணத்துக்கு டிக்கெட் கேட்பவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

“அப்போ வேலை நிரந்தரம்னு சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.